கத்தி இல்லாத வீட்டுக்கு ஒரு கத்தி

எங்கள் வீட்டில் ஏழு வருடம் கத்தி இல்லாமல் சமைத்திருக்கிறோம். விறகு வெட்டும் கொடுவாள் மட்டுமல்ல, காய் நறுக்கும் சின்னக் கத்தியும் அரிவாள்மனையும்கூட வீட்டுக்குள் கிடையாது. காலை ஆறரைக்கு அம்மா காய்களைக் கழுவி ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவாள். அந்த வீட்டு அக்காவின் அடுப்படியில் உட்கார்ந்து, அங்கே இருந்த எங்களுடைய அரிவாள்மனையிலேயே நறுக்கி, தட்டுப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு வருவாள். மழை நாளில் கிண்ணத்தின் மேல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு வருவாள்.

பக்கத்து வீட்டு அக்காவின் குடும்பம் அன்னூர்ப் பக்கத்திலிருந்து அவர் மாமனார் காலத்தில் மலை மேலே வந்தது. அவர் வீட்டுக்காரர் கீழ் கோத்தகிரி பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். அவர்கள் கல்யாணம் காட்சி என்று கீழே இறங்கிப் போய்விட்டால் எங்கள் வீட்டில் கீரையும் முட்டையும் பருப்பும்தான். பீன்ஸ் அடிக்கடி வாங்குவோம், அதைக் கையாலேயே ஒடித்துவிடலாம். கேரட்டை முழுதாக வேகவைத்து மசித்துவிடுவோம். புதிதாக எங்கள் வீட்டில் சாப்பிட வந்த என் சித்தி, இது என்ன நோயாளிச் சாப்பாடா என்று கேட்டாள். 

காரணம் என் தம்பி.

அவன் எஸ்டேட்டில் கவாத்து வெட்டுகிறவனாக இருந்தான். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இடுப்பளவுக்குக் கீழே வெட்டிவிடுவார்கள். அதுதான் கவாத்து. அம்மா மட்டும் கவ்வாத்து என்பாள். அவள் ஏழு வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவள். எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டை இன்றைக்கும் லயம் என்றுதான் சொல்கிறாள். தம்பிக்கு இருபத்துநாலு வயதாகும்போது தூக்கம் கெட்டது. வீட்டுக்குப் பின்னால் நின்ற பேரிக்காய் மரத்துக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்று தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்ல ஆரம்பித்தான். நாங்கள் கோயிலுக்குக் கூட்டிப் போனோம், கயிறு கட்டினோம். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எங்களுக்கு மூன்று மாதம் தோன்றவில்லை. அந்த மூன்று மாதத்தை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. பத்தாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான் அந்த வீட்டில்.

ஒரு மத்தியானம், நான் தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் வேலையில் இருந்தபோது, அவன் கொடுவாளை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பேரிக்காய் மரத்தை வெட்டினான். மரத்தைத்தான் வெட்டினான். அம்மா ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். கொடுவாள் அவள் வலது புறங்கையில் விழுந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் அவன் அங்கேயே கத்தியைப் போட்டுவிட்டு மேல் தோட்டத்துக்கு ஓடிவிட்டான். மூன்று ஆட்கள் போய் அழைத்ததும் சண்டை எதுவும் போடாமல் கூடவே இறங்கி வந்தானாம்.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் விறகு வெட்டும்போது பட்டுவிட்டது என்றாள். என்னிடமும் அதையேதான் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்த பக்கத்து வீட்டு அக்காதான் இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொன்னார். எங்கள் கொடுவாளையும் அரிவாள்மனையையும் கத்தியையும் அன்றைக்கே யாரையும் கேட்காமல் எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவரும் அவர்தான். அம்மாவின் நடுவிரலும் மோதிர விரலும் அதற்கப்புறம் மடங்கவில்லை. கொழுந்து பறிக்கிற கை அது. கொஞ்ச நாள் ஒற்றைக் கையால் பறித்துப் பார்த்துவிட்டு வேலையை விட்டாள்.

தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாத்திரையில் அந்தக் குரல்கள் அடங்கின. அவனும் அடங்கினான். முதல் இரண்டு வருடம் தூங்கினான், சாப்பிட்டான், உடம்பு போட்டது. பிறகு கொழுந்து மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனான். மாதம் ஒருமுறை நானும் அவனும் பஸ் ஏறி மாத்திரை வாங்கி வருவோம். சிரிக்கக்கூட ஆரம்பித்தான். ஆனால் வீட்டில் கத்தி இல்லை என்பதை அவன் ஒரு தடவையும் கேட்டதில்லை. நாங்களும் சொன்னதில்லை. அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போகும்போது அவன் எதிரே வந்தால், ஒதுங்கி வழி விடுவான். அவ்வளவுதான்.

வெட்ட ஆள் இல்லாமல் வீட்டின் பின்பக்கம் காடாகிவிட்டது. உண்ணிச்செடி கூரை வரைக்கும் ஏறியது. எஸ்டேட் எல்லைக்கு வெளியே எங்கள் பக்கம் தள்ளி நின்ற இரண்டு தேயிலைச் செடிகள் மரமாகவே வளர்ந்து வெள்ளைப் பூ பூத்துக் காய் விட்டன. ஒரு காட்டெருமை கன்றுக்குட்டியோடு வந்து அங்கே படுத்துக்கொள்ளும். அது எழுந்து போகும்வரை பின்பக்கத்துக் கக்கூசுக்கு யாரும் போக முடியாது.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அம்மாவிடம் சொன்னார். "ஏனுங்கம்மா, ஊட்டுக்குப் பின்னால இப்படிக் காடாட்டம் கெடந்தா மாடு வந்து படுக்காம என்ன பண்ணும்? எங்க ஊட்டுக்காரரை வுட்டு ஒரு நாள்ல வெட்டிப்போடச் சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா," என்றாள் அம்மா. "வெட்டுற சத்தம் கேட்டா அவனுக்கு என்ன தோணுமோ."

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், தம்பி டீ குடித்துக்கொண்டே சொன்னான். "கவாத்துக்குப் பேர் குடுத்துட்டேன். ஆத்தோரம் இருக்கிற சரிவுக்கு மெஷின் எறக்க முடியாதாம். கத்தியிலதான் வெட்டணும். கத்தி அவங்கவங்களே கொண்டு வரணும்னு மேஸ்திரி சொல்லிட்டாரு."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். நான்தான் பேசினேன். "லோடு வேலை நல்லாத்தானடா போயிட்டிருக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச வேலை அது ஒண்ணுதாங்க்கா. மூட்டை யார் வேணும்னாலும் தூக்கலாம்."

"டாக்டரைக் கேக்காம எப்படி?"

"போன தடவை நீ மாத்திரை லைன்ல நின்னப்பவே கேட்டுட்டேன்."

"என்னன்னு கேட்ட? கத்தின்னு சொன்னியா?"

"சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அதுல உங்களுக்கு பயமா இருக்கான்னு கேட்டாங்க. எனக்கு இல்லீங்க, எங்க ஊட்லதான் பயப்படறாங்கன்னு சொன்னேன்." அவன் என்னைப் பார்க்கவில்லை, டம்ளரின் விளிம்பைப் பார்த்துச் சொன்னான். "மாத்திரை விடாம போட்டுட்டுப் போங்க, தூக்கம் கெட்டா அன்னைக்கே வாங்கன்னாங்க. சீட்டுலயும் எழுதிக் குடுத்திருக்காங்க."

அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு வருடமாக நாங்கள் அவனிடமிருந்து மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்ததை அவன் எங்களுக்காகத் தெரியாதது போல வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். அம்மா அன்றைக்கு என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "பாப்பா, நீ கூடப் போய் வாங்கிக் குடு."

அன்றே மூன்று மணி பஸ்ஸில் கோத்தகிரி போனோம். மார்க்கெட்டை ஒட்டி மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் தொங்கவிட்ட ஒரு இரும்புக் கடை. தம்பி அவசரப்படவில்லை. ஒவ்வொரு கத்தியாக எடுத்து, முதுகுப் பக்கத்தைக் கண்ணுக்கு நேராக வைத்து வளைவு பார்த்தான். நகத்தால் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டான். ஒரு விரலின் மேல் நிறுத்தி எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தான். ஐந்தாறு கத்திகளைத் திரும்ப வைத்துவிட்டு, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் நீளமான, முனை மட்டும் உள்நோக்கி வளைந்த ஒன்றை எடுத்தான். நான் கடை வாசலில் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண்ணில் ஏதாவது மாறுகிறதா என்று தேடினேன். காய்கறி வாங்குகிறவனின் முகம்தான் அது.

கடைக்காரர் பெரியவர். "ஊட்டுக்குக் கொண்டுபோயி தேயிலைக் கட்டையில நாலு போடு போட்டுப் பாருங்க. வாய் மடங்குனாலும், கட்டை பொளந்தாலும் கொண்டாங்க. மாத்தித் தர்றனுங்க," என்றார்.

பேப்பரில் சுற்றிக் கொடுத்ததை நான் கை நீட்டி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அதை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியில் இறங்க வேண்டியவர்கள் இரண்டு பேர் நெருக்கி நின்றார்கள். தம்பி, "குடுக்கா, நான் வச்சுக்கறேன். உனக்கு இடிக்குது," என்றான்.

"பரவால்லடா," என்றேன்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.  வீட்டுக்குப் போகிற ஏற்றத்தில் என் பையை வாங்கிக்கொண்டான், கத்தியைக் கேட்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. மூடுபனி ஒன்பது மணிக்குத்தான் விலகியது. தம்பி துவைக்கிற கல்லில் தண்ணீர் தெளித்து அரைமணி நேரம் கத்தியைத் தீட்டினான். பிறகு எழுந்து பின்பக்கம் போனான். நான் அடுப்படியின் பின்கதவில் நின்றேன். அம்மா எனக்குப் பின்னால் உள்ளே இருந்தாள். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் நிற்க வேண்டும் என்று யோசித்துத்தான் அந்த இடத்தில் நின்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அது புரிந்தது.

"எங்க வேணும்னாலும் நில்லுக்கா. எனக்கு நேர் பின்னால மட்டும் நிக்காத. கத்தி ஓங்குனா பின்னால வரும்," என்றான்.

முதலில் உண்ணிச்செடியில் போட்டான். சுண்டுவிரல் பருமனுள்ள தண்டுகள் வீச்சுக்கு வீச்சு சாய்ந்தன. அது கத்திக்குச் சோதனையே இல்லை என்று எனக்கே தெரிந்தது. பிறகு சில்வர் ஓக் மரத்தின் தாழ்ந்த கிளை. இரண்டு போட்டில் விழுந்தது. வெட்டின இடத்தைக் குனிந்து பார்த்து, கத்தியின் வாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, தேயிலை மரத்துக்கு வந்தான்.

கவாத்தில் வேகத்தைவிட வெட்டு முக்கியம். தேயிலைக் கிளையைக் கீழிருந்து மேலாக ஒரே போட்டில், சாய்வாக, வாழைக்காய் சீவினது மாதிரி வெட்ட வேண்டும். பட்டை கிழிந்தாலோ கட்டை பிளந்தாலோ அந்த வழியாக மழைத் தண்ணீர் இறங்கி வேர் வரை அழுகிவிடும். மேஸ்திரி செடி செடியாகக் குனிந்து பார்ப்பார். பிளவு அதிகமிருந்தால் ஆளை நிறுத்திவிடுவார்.

மணிக்கட்டுப் பருமன் இருந்த ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்துத் தம்பி ஓங்கினான். கத்தி பாதி வரை போனது. மேலே ஏழு வருட இலையும் காயுமாகக் கனத்துக் கிடந்த கிளை ஆடி, படாரென்று அடி வரைக்கும் பிளந்துகொண்டு சாய்ந்தது. பிளவு வெள்ளையாக நீளமாகத் தெரிந்தது.

 அவன் அடுத்த கிளையை இடது கையால் வளைத்துப் பிடித்துக்கொண்டு வெட்டப் பார்த்தான். அப்போதுதான் அவன் இடது கையைக் கவனித்தேன். நடுங்கியது. மாத்திரையால் வருகிற நடுக்கம் அது. டீ டம்ளரைப் பிடிக்கும்போது தினமும் பார்ப்பதுதான். மூட்டை தூக்குகிறவனுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை. கை நடுங்க, கிளையும் கூடவே நடுங்கியது. ஓங்கினான். அதுவும் பிளந்தது.

கத்தியைத் தரையில் வைத்துவிட்டு வெட்டிப்போட்ட ஓக் கிளை மேல் உட்கார்ந்தான். "கத்தி சரியில்ல போல," என்றான்.

நான் உடனே சொன்னேன். "ஆமாடா, கத்திதான் சரியில்ல. திருப்பிக் குடுத்துரலாம். நாளைக்கே நான் லீவு போட்டுட்டுப் போய்க் குடுத்துட்டு வந்துர்றேன்."

என் குரலில் இருந்த நிம்மதி எனக்கே கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கும். தலையைக் குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா என்னைத் தாண்டி வெளியே வந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை, தடுக்கவும் நேரமில்லை. பிளந்த கட்டையைக் குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள். முப்பது வருடம் தேயிலைக்குள் நின்றவள்.

"கத்தியில ஒண்ணுமில்ல," என்றாள். "கெளை ஆடுது. மேல கனம் இருக்குல்ல. மேல ஒரு ஆளு இழுத்துப் புடிச்சுக்கிட்டாத்தான் கீழ வெட்டலாம். எந்திரி அய்யா."

சொல்லிவிட்டு, சரிவில் இரண்டடி மேலே ஏறி, அடுத்த கிளையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். வலது கையால்தான் பிடித்திருந்தாள். மடங்காத இரண்டு விரலும் கிளைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றன.

தம்பி எழுந்திருக்கவில்லை. "நீ விடும்மா," என்றான்.

"வெட்டு. நான் தூரமாத்தான நிக்கிறேன்."

"விடும்மான்னா."

"எதுக்குடா?"

"அன்னைக்கும் நீ இப்படித்தான் வந்து புடிச்ச."

ஏழு வருடத்தில் முதல்முறையாக அந்தப் பேச்சு எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் வந்தது. கீழே குழாயடியில் யாரோ குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அம்மா கிளையை விடவில்லை. எப்போதும் சொல்கிற குரலில், "அது நான் வெறகு வெட்டறப்ப..." என்று ஆரம்பித்தாள்.

"இல்லம்மா," என்றான் தம்பி. "நான்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. நீ கைய நீட்டுனது, நான் பாத்தது, எல்லாம் ஞாபகம் இருக்கு. வெறகுன்னு நீ சொல்லச் சொல்ல என்னால வாயத் தொறந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்க முடியல."

அம்மா கிளையை விட்டாள். அது விசிறி அடித்து மேலே போனது. அவள் இறங்கி வந்து அவன் பக்கத்தில் அந்த ஓக் கிளை மேலேயே உட்கார்ந்தாள். அவன் தலையில் கை வைத்தாள். "நீ எங்க செஞ்ச. உன்ன அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாதவ நான்," என்றாள். அவன் அழுதான். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதான். நான் கதவிலேயே நின்றேன். போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று இருந்தது. அந்த மூன்று மாதம் என்னுடையதும்தான். ஆனால் கால் வரவில்லை.

பிறகு அவன் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தான். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"அம்மா புடிச்சா என்னால வெட்ட முடியாது. நீ வந்து புடிக்கா."

நான் போனேன். சரிவில் ஏறி, அம்மா பிடித்த அதே கிளையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தேன். எனக்கும் அவனுக்கும் இடையில் ஓர் ஆள் நீளத்துக்கு மேல் தூரம் இருந்தது. இருந்தும் அவன் கை உயர்ந்தபோது கண்ணை மூடிக்கொண்டேன். கை தானாகத் தளர்ந்துவிட்டது. கிளை ஆடியது, பிளந்தது.

மூன்றாவது பிளவு. நான் மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னேன்.

அவன் கோபப்படவில்லை. கத்தியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பொறுமையாகச் சொன்னான். "அக்கா, நீ பயந்துகிட்டுப் புடிச்சா கை தளந்துரும். தளந்தா கெளை ஆடும், ஆடுனா பொளக்கும். கத்தியப் பாக்காத. என்னையும் பாக்காத. கெளைய மட்டும் உன் பக்கம் இழு. நான் வெட்டி முடிக்கிற வரைக்கும் விடாத."

"பயமெல்லாம் இல்லடா," என்றேன்.

"இருக்கு. எனக்குத் தெரியும். பரவால்ல, இருக்கட்டும். இழுத்துப் புடி."

இருக்கட்டும் என்று அவன் சொன்னதுதான் என்னை நிலையாக நிற்க வைத்தது. ஏழு வருடமாக அவனைப் பார்த்துப் பயந்ததையும், பயம் இல்லாததுபோல நடித்ததையும், பஸ்ஸில் கத்தியை மடியை விட்டுக் கொடுக்காததையும் எல்லாம் சேர்த்து அவன் பரவாயில்லை என்று சொல்வதாக எனக்குப் பட்டது. அடுத்த கிளையைப் பிடித்தேன். குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பின் கனம் முழுவதும் பின்னால் சாய்த்து இழுத்தேன். கண்ணை மூடவில்லை. எதிரே பனி விலகிய மேட்டில் தேயிலை வரிசைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கத்தி பட்டது உள்ளங்கைக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரே ஒரு அதிர்வு. கையில் கிளை மட்டும் மிஞ்ச, நான் பின்னால் சரிந்து உண்ணிச்செடிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன். தம்பி பதறிப்போய், "அக்கா, பட்டுருச்சா?" என்று ஓடிவந்தான். முள் கீறியது தவிர ஒன்றுமில்லை. அவன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத்தான் ஓடி வந்திருந்தான் என்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

மூன்று பேரும் போய்க் கட்டையைப் பார்த்தோம். சாய்வாக, ஈரமாக, வழவழப்பாக இருந்தது. பட்டையில் ஒரு நார்கூடக் கிழியவில்லை. அம்மா கட்டைவிரலால் தடவிப் பார்த்து, "இதுதான் வெட்டு," என்றாள். அவன் கத்தியை எடுத்து வாயைப் பார்த்தான். "மடங்கல. திருப்பிக் குடுக்க வேண்டாம்," என்றான்.

மத்தியானம் இரண்டு மணிக்குள் பின்பக்கம் முழுவதும் வெட்டி முடித்தோம். நான் பிடித்தேன், அவன் வெட்டினான், அம்மா தேயிலைக் கட்டைகளை விறகுக்குத் தனியாக அடுக்கினாள். குழாயடியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா இதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றிருக்கிறார். சாயங்காலம் எங்கள் அரிவாள்மனையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்தார். "உங்குளுதுதான். வெச்சுக்குங்க," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மா மறுநாள் காலையிலும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். கிண்ணத்தோடு அரிவாள்மனையையும் தூக்கிக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து நறுக்கினாள். ஏழு வருடப் பேச்சுத்துணை ஒரே நாளில் விட்டுவிடுமா. இன்றைக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது போகிறாள்.

எல்லாம் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அன்று அவன் கத்தியை அடுப்புக்கு மேல் பரணில் வைத்தான். அவன் படுத்ததும் நான் அதை எடுத்து என் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பரணில் தேடிவிட்டு என்னிடம் வந்து நின்றான். எடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டு போனான். எட்டு நாள் இப்படியே நடந்தது. எட்டு நாளும் அவன் பரணில் வைத்தான், நான் எடுத்தேன். ஒன்பதாம் நாள் ஃபேக்டரியில் ஓவர்டைம் முடித்து அலுத்து வந்து அப்படியே தூங்கிவிட்டேன். காலையில் எழுந்து பார்த்தால் அவன் பரணிலிருந்து தானே எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருந்தான். அதற்கப்புறம் நான் எடுத்து வைக்கவில்லை.

வேலையிலும் முதல் வாரம் கஷ்டப்பட்டான். கையெல்லாம் கொப்புளம். மற்றவர்கள் இரண்டு வரிசை முடிக்கும்போது அவன் ஒன்றுதான் முடித்தான். தோட்டத்துச் செடி இடுப்பளவுதான், ஆடாது. அதனால் நடுக்கம் அங்கே அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. அடுத்த மாதம் டாக்டர் ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்ததும் இன்னும் குறைந்தது. அவன் வெட்டிய செடிகளில் பிளவு இல்லை என்று மேஸ்திரி ஒருநாள் என்னிடமே சொன்னார். நான் அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா சிலோனில் தன் தாத்தா கவ்வாத்து வெட்டின கதையை ஆரம்பித்துவிட்டாள்.

போன மார்கழியில் அந்த நோய் திரும்பவும் வந்தது. காய்ச்சலில் நாலைந்து நாள் படுத்துக் கிடந்தான். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை. காய்ச்சல் விட்டதே என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம், தூக்கம் போனதைக் கவனிக்கவில்லை. ஒருநாள் காலை பதினோரு மணிக்கு ஃபேக்டரி வாசலில் என்னைத் தேடி ஆள் வந்திருப்பதாக வாட்ச்மேன் சொன்னார். போய்ப் பார்த்தால் தம்பி. கையில் சாக்கில் சுற்றிய கத்தி. மூன்று மைல் நடந்து வந்திருக்கிறான்.

"அக்கா, மூணு நாளா தூக்கமில்ல. யாரோ பேசற மாதிரியே இருக்கு. இல்லன்னு எனக்குத் தெரியுது, ஆனா கேக்குது." கத்தியை நீட்டினான். "இத நீ வச்சுக்க. ஊட்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

பழைய மூன்று மாதம் எனக்கு நினைவுக்கு வந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, கத்தியை என் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன். அவன் கை பனியில் சில்லிட்டிருந்தது. பதினெட்டு நாள் வார்டில் இருந்தான். அம்மா கூடவே இருந்தாள். திரும்பி வந்தபோது மெலிந்திருந்தான், ஆனால் எங்கள் ஆளாகத்தான் வந்தான்.

தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அவன் கத்தியைக் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை. சித்திரையில் கவாத்துக்கு ஆள் எடுப்பு வந்ததும், டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, "அந்தக் கத்தி உங்க ஃபேக்டரியிலதான இருக்கு?" என்றான்.

அன்று சாயங்காலமே லாக்கரிலிருந்து எடுத்து வந்தேன். பஸ் இறங்குகிற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சாக்கோடு அவன் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தான். ஃபேக்டரியின் ஈரத்தில் முனையிலிருந்து பிடி வரைக்கும் துரு ஏறிப்போயிருந்தது. இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்ட முகத்தோடு என்னைப் பார்த்தான்.

"கொஞ்சம் எண்ணெ தடவி வச்சிருக்கக் கூடாதாக்கா?" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரிக்கவில்லை. வீடு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தான்.